வாரன்ட் வரவில்லை

2023 போகிக்கு முந்தின வாரம், வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோதுதான் அந்த மஞ்சப்பை இறங்கியது. உள்ளே எல்.ஐ.சி. காலண்டர் தாளில் சுற்றிச் சணல் கட்டிய ஒரு கட்டு. பெரியப்பாவின் பழைய துணிகளை எல்லாம் 2019-லேயே கொடுத்துவிட்டோம். இது மட்டும் எப்படியோ அண்டா, உருளிக்குப் பின்னால் தங்கிவிட்டது. பிரித்தால், ரூபாய் நோட்டுக்குப் போடுகிற மாதிரி ஓரத்தில் பூவேலை செய்த கெட்டித் தாள்கள். மொத்தம் 19 ஷேர் பத்திரங்கள், 11 கம்பெனிகள். குண்டூசி துருப்பிடித்து ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு காவி வட்டம். ஓரங்களில் ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. கம்பெனி முத்திரையைப் புடைப்பாக அழுத்தியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினால் இன்னும் மேடு தெரிந்தது.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. பெரியப்பா மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் முப்பத்தெட்டு வருஷம் கணக்குப்பிள்ளை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் தேதி, கம்பெனி, வாரன்ட் எண், ரூபாய் என்று நான்கு பத்தி. வாரன்ட் என்பது லாபத்தில் ஷேர்காரருக்குரிய பங்கை, அதாவது டிவிடெண்டை, கம்பெனி தபாலில் அனுப்புகிற செக் மாதிரியான தாள். 37.50, 112.00, 60.00 என்று வந்த டிவிடெண்டெல்லாம் வரிசையாக ஏறியிருக்கிறது. 2002 வரைக்கும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதற்கப்புறம் இரண்டே வரிகள். ‘2003 – வாரன்ட் வரவில்லை.’ ‘2004 – வாரன்ட் வரவில்லை.’ மீதிப் பக்கங்கள் வெறுமை.

ஏன் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். தெற்கு வெளிவீதியில் அவர் தங்கியிருந்த மேன்ஷனை 2003-ல் இடித்தார்கள். அதற்கப்புறம் மூன்று இடம் மாறினார். கம்பெனிக்குத் தெரிந்தது பழைய விலாசம்தான். ஒரு இன்லண்ட் கடிதம் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். மண்டியில் எட்டணா உதைத்தால்கூட ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து கண்டுபிடிக்கிற மனுஷன், தன் பணத்துக்கு அந்தக் கடிதத்தைப் போடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளை குட்டி இல்லை, யாருக்காக என்று விட்டுவிட்டாரா? வரும் என்று காத்திருந்து மறந்துவிட்டாரா? நோட்டில் பதில் இல்லை.

பதினொன்றில் பிழைத்தவை

அந்தக் காலத்து ஆட்கள் எப்படி ஷேர் வாங்கினார்கள் என்று கேட்கிற பிள்ளைகளுக்காக ஒரு சிறு விஷயம். 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தால், இங்கே இயங்கிய பல வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொண்டு மிச்சத்தை இந்தியர்களுக்கு விற்க வேண்டிவந்தது. எழுபதுகளின் கடைசியில் அப்படி விண்ணப்பம் போட்டு ஷேர் வாங்கிய மாதச் சம்பளக்காரர்கள் ஏராளம். பெரியப்பாவும் ஒருவர். 1978-ல் ஒரு கம்பெனியின் 50 ஷேர். மண்டி முதலாளி வாங்கினார், கூடவே இவரும் வாங்கினார். மீதி பத்துக் கம்பெனியும் எண்பதுகளிலும், ஊரே ஷேர் ஷேர் என்று அலைந்த தொண்ணூறுகளின் ஆரம்பத்திலும் வாங்கியவை.

அவற்றில் ஆறு கம்பெனிகள் இன்று இருந்த சுவடே இல்லை. தொண்ணூறுகளில் வெளியீடு போட்டுப் பணத்தைத் திரட்டி, பெயர்ப்பலகையோடு காணாமல் போன கூட்டம் அது. இரண்டு வேறு கம்பெனிகளோடு இணைந்துவிட்டன. ஒன்று சென்னைப் பங்குச்சந்தையில் மட்டும் பட்டியலில் இருந்தது. அந்தச் சந்தையே 2015-ல் மூடியாகிவிட்டது. இன்னொன்று மூடிக் கலைப்பில் இருக்கிறது. ஆக, கையில் உருப்படியாக இருந்தது அந்த 1978-ம் வருஷத்து 50 ஷேர்தான். ஆனால் அது குட்டி போட்டிருந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று மூன்று முறை போனஸ்: 50, 400 ஆனது. பத்து ரூபாய் முகமதிப்பை இரண்டு ரூபாயாகப் பிரித்தார்கள்: 400, 2,000 ஆனது. அன்றைய விலைக்குப் பன்னிரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அம்மா மூன்றாவது முறை போடச் சொன்னாள்.

ஆனால் அந்த 2,000 ஷேர் பெரியப்பா பெயரில் இல்லை. தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்கவில்லையென்றால், அந்தப் பணத்தோடு ஷேரையும் சேர்த்து மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். விதிகள் 2016-ல் வந்தன, 2017-லிருந்து ஷேர்கள் மூட்டை மூட்டையாகப் போயின. சுருக்கமாக ஐ.இ.பி.எஃப். அங்கே போய்விட்டால் போச்சு என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அது பழைய கதை. முன்பிருந்த சட்டத்தில்தான் நிதிக்குப் போன பணத்தை யாரும் திரும்பக் கேட்க முடியாது. இப்போது கேட்கலாம், காலக்கெடு கிடையாது, கட்டணமும் கிடையாது. அவர்களுடைய இணையதளத்தில் பெயரையோ, கம்பெனிப் பதிவேட்டில் ஷேர்காரருக்குக் கொடுத்திருக்கும் ஃபோலியோ எண்ணையோ போட்டுத் தேடலாம்.

தேடலாம்தான், எந்தப் பெயரைப் போட்டு? வடக்கே எழுதிய மென்பொருளுக்கு நம்முடைய தலைப்பெழுத்து ஒரு தீராத வியாதி. பத்திரத்தில் தலைப்பெழுத்து முன்னால், பெயர் பின்னால். பான் கார்டில் தாத்தாவின் பெயர் முழுசாக விரிந்து குடும்பப்பெயர் கணக்காக உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் தலைப்பெழுத்தே இல்லை. மாநகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழில் பெயரின் நடுவில் ஒரு ‘எச்’ கூடுதல். நாலும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி பப்ளிக்கிடம் கையெழுத்து வாங்கினோம். செத்துப்போன ஒருவர் ஒரே ஒருவர்தான் என்று உயிரோடிருப்பவர்கள் சத்தியம் செய்கிற விசித்திரம்.

இதற்கிடையில் ஒரு போன். இந்தியில் ஆரம்பித்து ஆங்கிலத்துக்குத் தாவியது. பெரியப்பா பெயர், பழைய மேன்ஷன் விலாசம், ஷேர் எண்ணிக்கை எல்லாம் கடகடவென்று சொன்னார்கள். “நாங்களே எல்லாம் செய்து தருகிறோம், கிடைப்பதில் 25 சதவீதம் கொடுங்கள்” என்றார்கள். வாங்காத டிவிடெண்ட் பட்டியலைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு தொழிலே நடக்கிறது. அலைய முடியாதவர்களுக்கு அவர்கள் உதவலாம். எனக்கென்னவோ 25 சதவீதம் என்றதும் வீம்பு வந்துவிட்டது. நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வக்கீல் போட்ட கோடு

ஷேர் கையிருப்பு ஒரு கம்பெனியில் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் வாரிசுகளுக்கு எளிய வழி ஒன்றை, பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபி அப்போது வைத்திருந்தது. நம்முடையது அதைத் தாண்டியது. வாரிசுச் சான்றிதழ் வாங்கலாம் என்று தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால், “நேரடி வாரிசு இல்லாத கேஸுங்க, கோர்ட்ல வாங்கிக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள். இப்படியே ஒரு வருஷம் ஓடி, 2024 தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் வக்கீல் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். ஃபைல், ஜெராக்ஸ், நோட்டு, எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு ஒட்டிய சீட்டு. பெரியப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

வக்கீல் எதையும் புரட்டவில்லை. ஒரு பழைய தாளைத் திருப்பிப் போட்டு, மேலே தாத்தா பாட்டிக்கு இரண்டு வட்டம் போட்டார். கீழே நாலு வட்டம்: பெரியப்பா, அப்பா, அத்தை, சித்தப்பா.

“பெரியப்பா எப்ப தவறுனாரு?”

“2019 மார்ச்.”

“தாத்தா, பாட்டி?”

“அதுக்கு ரொம்ப முன்னாடியே சார்.”

“அப்பா?”

“2011.”

பேனாவால் அப்பாவின் வட்டத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். அவசரமே இல்லாமல், இரண்டு கோடு. அதற்கடியில் எனக்கும் தங்கைக்கும் வட்டம் போடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“அப்ப நீங்க இதுல இல்ல தம்பி. அத்தையும் சித்தப்பாவும் மட்டுந்தான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்பாவின் பங்கு அப்பாவின் பிள்ளைகளுக்கு வராதா? தாத்தா சொத்து என்றால் வரும், என்றார். மகன் முன்னாலேயே இறந்திருந்தால் அவன் பிள்ளைகள் அவன் இடத்துக்கு ஏறுவார்கள். இது பிள்ளையில்லாத ஆணின் சொத்து. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல் வகுப்பு என்பது முக்கியமாக மனைவி, மகன், மகள், அம்மா. அவர்களில் யாரும் இல்லையென்றால் இரண்டாம் வகுப்பு. அதற்குள் படிக்கட்டு மாதிரி வரிசை இருக்கிறது. முதல் படியில் அப்பா. இரண்டாம் படியில் உடன்பிறந்தவர்கள். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் நாலாம் படியில். மேல்படியில் ஒரே ஒருவர் உயிரோடிருந்தாலும் கீழே ஒரு பைசா இறங்காது. பெரியப்பா இறந்த அன்றைக்கு யார் உயிரோடிருந்தார்கள் என்பதுதான் கணக்கு. அப்பா 2019 மார்ச்சைத் தாண்டி ஒரே ஒரு நாள் இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு.

“அம்மா இருக்காங்களே சார். அவங்கதான் கடைசி மூணு வருஷம் பார்த்தாங்க.”

“அவங்களும் பட்டியல்ல இருக்காங்க,” என்றார். “சகோதரனின் விதவை. ஆறாவது படி.”

பெரியப்பாவின் பாங்க் கணக்குக்கு அம்மாதான் நாமினி. அதில் இருந்த நாற்பத்தோராயிரம் காரியச் செலவுக்கே சரியாகப் போனது. ஷேருக்கும் அதேமாதிரி அம்மா பெயரைப் போட்டிருந்தால்? அதையும் கேட்டேன். நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்கிற ஆள், உரிமையாளர் இல்லை என்று 2023 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் ஷேர் விஷயத்திலேயே சொல்லியிருக்கிறது என்றார். உயில் எழுதியிருந்தால் உண்டு. பெரியப்பா வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கணக்கு எழுதினாரே தவிர, அந்த ஒரு காகிதத்தை எழுதவில்லை.

ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு யோசனை வந்தது, மறைக்க விரும்பவில்லை. அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இந்தப் பை கிடைத்ததே தெரியாது. திரும்பப் பரணில் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு இல்லாதது யாருக்கும் வேண்டாம் என்கிற அந்தக் கெட்ட யோசனை டீ குடித்து முடிக்கும்வரை இருந்தது.

அம்மாவிடம் சொன்னபோது, ‘பணம் என்னடா பணம்’ என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நம் கதைகளில் அம்மாக்கள் அப்படித்தானே சொல்வார்கள். என் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “அப்ப அந்த டயப்பர் காசு மட்டும் நம்ம காசா?” என்றாள். 2016-ல் பக்கவாதம் வந்து பெரியப்பா படுத்ததிலிருந்து மாசம் எவ்வளவு ஆனது என்பதை விரல் விட்டுச் சொன்னாள். ஃபிசியோதெரபி, ஆள் வைத்தது, தண்ணீர் மெத்தை. அவளும் ஒரு நோட்டு வைத்திருந்திருக்கிறாள், மனசுக்குள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சட்டம் போட்டதே நான்தான் என்பதுபோல.

அவள் கோபம் நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பார்த்துக்கொண்டவர்கள் யார் என்று சட்டம் கேட்பதே இல்லை. கேட்டால் அதை நிரூபிக்க இன்னொரு பத்து வருஷம் வழக்கு நடக்கும், அதுவும் தெரிகிறது. ரத்தத்தை எண்ணுவது சுலபம், மூன்று வருஷம் ஊட்டிய கஞ்சியை எண்ணுவது கஷ்டம். ஆனாலும் உறுத்தியது. சட்டத்தின்மேல் ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் என்றிருந்தேன். அத்தையைப் பார்க்க விருதுநகர் போய்விட்டு வந்தபிறகு அந்தக் கட்டுரை என்னால் எழுத முடியாமல் போனது.

விருதுநகரில்

சித்தப்பாவுக்குப் போனில் சொன்னேன். கோயம்புத்தூரில் இருக்கிறார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அண்ணனா?” என்றார். “அவரு ஒரு செருப்பு வாங்க யோசிப்பாரேடா.” பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தார். ராத்திரியே அவர் மகன் கூப்பிட்டான். மொத்தம் எவ்வளவு தேறும், எப்போது வரும், வரி எவ்வளவு? வாரிசாக வருகிற சொத்துக்கு இங்கே வரி இல்லை, எஸ்டேட் வரியை 1985-லேயே எடுத்துவிட்டார்கள், விற்கும்போதுதான் வரி என்றேன். நல்ல பையன்தான். ஆனால் பெரியப்பா எப்போது இறந்தார் என்பதை என்னிடம் கேட்டுத்தான் குறித்துக்கொண்டான்.

அத்தைக்கு நேரில் போய்ச் சொல்லத் தோன்றியது. எழுபத்துநாலு வயசு. மாமா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. காரச்சேவும் காபியும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் வக்கீல் போட்ட அந்தத் தாளையே கொண்டுபோயிருந்தேன். வட்டங்களைக் காட்டிச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் தன் பக்கம் திருப்பினாள். அப்பாவின்மேல் இருந்த பெருக்கல் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பக்கத்து வட்டத்தில் விரலை வைத்து, “இது நானா?” என்றாள்.

“ஆமா அத்தை.”

“என் பேரு இதுல இருக்கா?”

1987-ல் என்ன நடந்தது என்பதை நான் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பத்திரத்தில் படித்திருக்கிறேன். தாத்தா சொந்தமாகக் கட்டிய வீடு. 1956 சட்டப்படியே அதில் அத்தைக்கும் பங்கு உண்டு. உண்டு என்பதால்தான் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமே தேவைப்பட்டது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கி, ஒரு பட்டுப்புடவையும் கையில் கொஞ்சம் ரூபாயும் கொடுத்தார்கள். சித்தப்பா தன் பங்கைப் பணமாக வாங்கிக்கொண்டார், பெரியப்பா எனக்கெதற்கு என்று விட்டுக்கொடுத்தார், வீடு அப்பாவுக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்த வீடு. மஞ்சப்பை இறங்கிய பரண் அந்த வீட்டுப் பரண்தான். நான் நாலாம் படி, அம்மா ஆறாம் படி என்று புழுங்கிக்கொண்டிருந்தது அத்தை கையெழுத்துப் போட்டு விட்ட கூரைக்குக் கீழே இருந்துகொண்டு.

அத்தை அதையெல்லாம் பேசவில்லை. “அன்னைக்கு வேணாம்னு கையெழுத்து வாங்கினீங்க, இன்னைக்கு வேணும்னு போடணுமா?” என்று சிரித்தாள். என்னைப் பார்த்து ‘வாங்கினீங்க’ என்றாள். எனக்கு அப்போது வயசு மூன்று. காரச்சேவு தொண்டையில் இறங்கவில்லை.

கிளம்பும்போது, “ஒங்கம்மாவுக்கு இதுல என்ன?” என்றாள். சட்டப்படி ஒன்றுமில்லை என்றேன். “சட்டம் கெடக்கட்டும். அவ என்ன சொல்றா?” டயப்பர் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அத்தை தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அம்மாவுக்கு அவளிடமிருந்து போன். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. வாரிசாக வந்த ஷேரில் மூன்றில் ஒரு பாகத்தைத் தம்பி பெண்டாட்டிக்குக் கொடுத்தால் சட்டம் ஒப்புமா, வரி விழுமா என்று மட்டும் அத்தை அப்புறம் கேட்டாள். அண்ணன் தம்பி மனைவிக்குக் கொடுக்கிற அன்பளிப்புக்கு வரி இல்லை என்று சொன்னேன்… ‘தம்பி பெண்டாட்டி’ என்று அவள் சொன்னது தப்பு, அப்பா அவளுக்கு அண்ணன். திருத்தவில்லை. சித்தப்பா, பணம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்கிறார்.

கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்றிதழுக்கு மனுப் போட்டோம். ஒருவர் பெயரில் போனால் பின்னால் வேலை சுலபம் என்று வக்கீல் சொன்னதால், சித்தப்பாவின் சம்மதத்தோடு மனுதாரர் அத்தை. பாதிப் பங்கைத் தந்துவிட வேண்டும் என்று சித்தப்பா மகன் தனியாக ஒரு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டான். நோட்டீஸ், பத்திரிகை விளம்பரம், வாய்தா என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்கப்புறம் கம்பெனி எல்லாக் காகிதத்தையும் பார்த்து, இவருக்கு இவ்வளவு ஷேர் சேர வேண்டும் என்று ஒரு கடிதம் தந்தது. அதை வைத்துக்கொண்டு ஐ.இ.பி.எஃப். 5 என்கிற படிவத்தை இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, இழப்பீட்டுப் பத்திரமும் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதும் சேர்த்துக் கம்பெனிக்கே திரும்ப அனுப்ப வேண்டும். அவர்கள் சரிபார்த்து நிதியத்துக்கு ஒரு அறிக்கை அனுப்புவார்கள். அந்த அறிக்கை எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்த 60 நாளில் முடித்துவிட வேண்டும் என்று விதி சொல்கிறது. நாங்கள் 60-ஐ எண்ணுவதை நிறுத்திவிட்டோம். ஒரு தடவை திரும்பி வந்தது. காரணம், அந்த ‘எச்’.

ஷேர் திரும்பி வந்தாலும் காகிதமாக வராது, டீமேட் கணக்கில்தான் வரும். அதனால் அத்தைக்கு ஒரு டீமேட் கணக்குத் தொடங்கினோம். பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓ.டி.பி. அந்தப் பக்கம் போகிறது. நான் மதுரையில் கம்ப்யூட்டர் முன்னால் நொடிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன வாரமும் அப்படித்தான், கூப்பிட்டாள்.

“டேய், ஆறு நம்பரு வந்திருக்கு. பேரன வச்சுப் படிக்கச் சொன்னேன். யாருகிட்டயும் சொல்லாதேன்னு போட்டிருக்காம். உன்கிட்ட சொல்லலாமா, கூடாதா?”